சம்மதம் பெறப்பட்டதா?

ஜனவரி 6

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. இருமலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கு மட்டும் என்னைவிட்டுப் போக மனம் வரவில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம், வார்டன் அறையில், ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பேசும்போது "நல்லா இருக்கேன்" என்பதைத் தவிர நீ வேறென்ன சொல்லிவிட முடியும்? அதனால் இதையும் மெடிக்கல் ஷாப் அம்மாவின் விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

போன கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். லைனுக்கு ஒரே டோக்கன், அது கிடைக்காமல் ஒருத்தி மயங்கி விழுந்தாள் என்று. அந்த வரி என்னை உட்காரவிடவில்லை. என் வேலை உனக்குத் தெரியும். பல நாட்டுப் பெண்கள் சொல்வதை வாங்கி, பெயரையும் ஊரையும் அடித்துவிட்டு, எண் போட்டு அறிக்கையில் சேர்ப்பது. ஒன்பதாம் எண், வீட்டு வேலை செய்பவள்; அவள் பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. பதினொன்று, இருபது வருஷம் உழுதவள். கணவன் செத்த மறுநாளே நிலம் மைத்துனனுடையதாகிவிட்டது. மார்ச்சில் எல்லா நாட்டு அரசாங்கங்களும் வந்து உட்காரும் கூட்டத்தில் இவற்றை வாசிக்கப் போகிறோம். தொழிற்சாலையைப் பற்றி எங்களிடம் ஒன்றும் உருப்படியாக இல்லை. நீ விவரமாக எழுதினால் அது பதினாலாம் எண்.

ஒன்று கேட்க வேண்டும். விழுந்தவளிடம் கேட்டாயா? எங்கள் படிவத்தில் ‘சம்மதம் பெறப்பட்டதா?’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் எதுவும் உள்ளே போகாது.

அம்மாவுக்குக் கண் மருந்து அனுப்பியிருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதிக்கொள்வது. கழுத்துவலி இருக்கிறது, ஆனால் அதை ஒரு வியாதி என்று சொன்னால் எங்கள் லைனில் எல்லோரும் சிரிப்பார்கள். உன் இருமலுக்கு மெடிக்கல் ஷாப் அம்மா ஒரு மாத்திரை சொன்னார். நீ இருக்கும் நாட்டில் அது எந்தப் பெயரில் கிடைக்குமோ என்று உடனே அவரே வாபஸும் வாங்கிக்கொண்டார்.

விவரமாகக் கேட்டாய். நாங்கள் காலர் லைன், சட்டைக்குக் காலர் தைப்பவர்கள். முப்பத்தெட்டுப் பேர். சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஆணி, அதில் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகர டோக்கன். பாத்ரூம் போகிறவள் அதை எடுத்துக்கொண்டு போய் ஏழு நிமிஷத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் யாரும் எழுந்திருக்கக் கூடாது. சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். எங்கள் முகத்தைப் பார்ப்பதைவிடத் தன் மணிக்கட்டைத்தான் அதிகம் பார்ப்பார்.

ஒரு தடவை டோக்கன் துணிக் கழிவோடு குப்பைக்குப் போய்விட்டது. தேடி எடுத்த பிறகு என் எதிர் மெஷின்காரி, தன் பின்னலில் இருந்த பச்சை ரிப்பனை அவிழ்த்து அதில் கட்டினாள். முப்பது வயதில் பின்னலுக்கு ரிப்பன் வைக்கிறவள் தொழிற்சாலையிலேயே அவள் ஒருத்திதான். அவள் பெயரே ரிப்பன் என்றாகிவிட்டது. அவள்தான் விழுந்தவள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. ரிப்பனுக்கு நாலாம் மாதம். பத்து மணிக்கு எழுந்தாள். ஆணி காலி. "போனவ வரட்டும், உக்காரு" என்றார் கடிகாரம். மறுபடி எழுந்தாள். "சார், முடியல சார்." "முடியலன்னா வீட்ல இருக்கணும்." பதினொன்றரை வரைக்கும் டோக்கன் வரவில்லை. மூன்றாம் தடவை எழுந்தவள் அப்படியே சரிந்தாள். மேஜையின் இரும்பு விளிம்பு வயிற்றில் இடித்தது. ஒரு வாரம் கழித்துத்தான் வேலைக்கு வந்தாள். குழந்தை தங்கவில்லை. அதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

எழுது அக்கா, நன்றாகச் சூடாக எழுது. இதைக் கேட்டு யாராவது ஒரு பெரிய மனுஷனுக்காவது வெட்கம் வரட்டும்.

இங்கே நாலு நாளாக மழை. துவைத்தது எதுவும் காயவில்லை. நீ காதைப் பொத்திக்கொண்டு வெளியே போ.

உன் வாலு


பிப்ரவரி 4

அன்புள்ள வாலுவுக்கு,

இருமல் போய்விட்டது, குரல் இன்னும் திரும்பி வரவில்லை. உன் கழுத்து தேவலையா?

நீ எழுதியதைப் படித்துவிட்டு நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நடந்தேன். எத்தனையோ வாக்குமூலங்கள் படிக்கிறேன், கல்லாகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். இது என் தங்கையின் கையெழுத்தில் இருந்தது.

இரண்டு கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் டோக்கன் யாரிடம் இருந்தது? ரிப்பனிடம் கேட்டாயா? முதலாவது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டாவது வேண்டும். மாதக் கடைசிக்குள் படிவத்தை முடித்தாக வேண்டும்.

அம்மா போனில் உன்னைப் பற்றியே பேசுகிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் குரல் திரும்பி வந்ததா? அது இல்லாமல் மார்ச்சில் எப்படி வாசிப்பாய்?

இங்கே ஹாஸ்டலில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். எனக்கு வந்து போய்விட்டது. லைனில் ஆள் குறைந்தும் தைக்க வேண்டிய எண்ணிக்கையைக் குறைக்க மாட்டேன் என்கிறார்கள். வார்டன் புதிதாக ஒரு பூட்டு வாங்கியிருக்கிறார், அதைக் காட்டுவதற்காகவே கதவைத் திறந்து திறந்து பூட்டுகிறார். ரிப்பன் முன்போல் பேசுவதில்லை, ஆனால் வேலை சுத்தம். அம்மாவிடம் நான் குண்டாகிவிட்டேன் என்று சொல், சந்தோஷப்படுவாள்.

நீ கேட்டதெல்லாம் உனக்குத் தெரியாததா அக்கா? நீ பெரிய ஆபீஸ். பார்த்து நிரப்பிக்கொள்.

மெஷின் கூப்பிடுகிறது.

வாலு


மார்ச் 18

அன்புள்ள வாலுவுக்கு,

சௌக்கியமா? எனக்குக் கால் தரையில் பாவவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நேற்று வாசித்தோம். பெரிய மண்டபம், காதில் கருவியை மாட்டிக்கொண்டு எல்லா நாட்டுக்காரர்களும். பாதிப் பேர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பதினாலாம் எண் வந்ததும் ஒவ்வொருவராகத் தலைநிமிர்ந்தார்கள். முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரு டோக்கன், அதில் பச்சை ரிப்பன், நாலு மாதக் கர்ப்பிணி. கூட்டம் முடிந்ததும் ஒரு மந்திரியம்மா என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் சட்டைகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வந்தவர் ஒரு பிரதி கேட்டு வாங்கிப் போனார்.

உங்கள் பெயர், ஊர், தொழிற்சாலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ரிப்பனையும் எடுத்துவிடத்தான் நினைத்தேன். "அதை விட்டுவை, அதில்தான் ஆள் தெரிகிறாள்" என்றார் என் மேலதிகாரி. விட்டுவிட்டேன். அந்தக் கட்டத்தில் ‘ஆம்’ என்று போட்டேன். நீ இல்லை என்று எழுதவில்லையே, கேட்டுத்தான் இருப்பாய் என்று எடுத்துக்கொண்டேன்.

ரிப்பனிடம் சொல், அவளை உலகம் கேட்டது என்று.

உன் அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

நீ நலமாக இரு. நான் இருக்கிறேன்.

சட்டை வாங்கும் கம்பெனி, தனக்குத் தைத்துக் கொடுக்கும் எல்லாத் தொழிற்சாலைக்கும் உன் அறிக்கையில் எங்களைப் பற்றிய பக்கத்தை அனுப்பி ‘இது உங்களுடையதா?’ என்று கேட்டிருக்கிறது. திங்கட்கிழமை மேனேஜர் ஒவ்வொரு லைனாக நடந்து வந்தார். எதையும் கேட்கவில்லை. ஆணிகளை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் ஆணிக்கு முன்னால் நின்றுவிட்டார். டோக்கனில் இருந்த பச்சை ரிப்பனை விரலால் தூக்கிப் பார்த்தார்.

மெஷின்களை நிறுத்தச் சொல்லி, மைக்கில் அந்தப் பக்கத்தை முழுக்க வாசித்தார். "நாலு மாதக் கர்ப்பிணி", "குழந்தையை இழந்தாள்", எல்லாவற்றையும். வாசித்துவிட்டு, "யாரும்மா அது?" என்று சிரித்தபடி கேட்டார். எல்லோரும் டோக்கனைப் பார்த்தார்கள், பிறகு அவள் பின்னலைப் பார்த்தார்கள். தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கில் அவளுடைய அம்மா வேலை செய்கிறாள். கர்ப்பமானதும் போனதும் அவளுக்கே இதுவரை தெரியாது அக்கா. மைக்கில் கேட்டாள்.

ரிப்பனைத் தினமும் ஆபீசில் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள். ‘நான் சாப்பிடாமல் வந்ததால் விழுந்தேன், டோக்கனால் அல்ல, வெளியில் சொன்னது பொய்’ என்று ஒரு காகிதம் தயாராக இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் வேலை, இல்லாவிட்டால் வெளியே, அதன்பிறகு எந்தத் தொழிற்சாலையும் சேர்க்காது. "நான் யார்கிட்டயும் சொல்லவே இல்ல சார்" என்கிறாள். அது நிஜம். யாரும் நம்பவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. நீ ஒன்றும் செய்யாதே. செய்தது போதும்.

வாலு


ஏப்ரல் 17

என் கண்ணே,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

நேராகக் கேட்கிறேன். நீ ரிப்பனிடம் கேட்கவே இல்லை, அப்படித்தானே? கேட்டிருந்தால் அவள் அம்மாவுக்குத் தெரியாது என்பதை அப்போதே எழுதியிருப்பாய். உன்னைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. நீ மழையையும் காய்ச்சலையும் பற்றி எழுதினாய், நான் ‘ஆம்’ போட்டேன். எனக்குப் பதினாலாம் எண் வேண்டியிருந்தது.

நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். சாட்சி என் சொந்தத் தங்கை என்று ஆபீசில் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பக்கத்தை அப்போதே கழித்திருப்பார்கள். இப்போது சொன்னால் தொழிற்சாலைக்காரர்கள், "பார்த்தீர்களா, அக்காவும் தங்கையும் கட்டிய கதை" என்று கொண்டாடுவார்கள். சொல்லாவிட்டால் பழி முழுக்க ரிப்பன் தலையில். பக்கத்தையே திரும்பப் பெறச் சொல்லட்டுமா? உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். இரண்டு வரி போதும்.

அக்கா


மே 14

மதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு,

தங்கள் நலம் விரும்பும் தங்கை எழுதுவது. நான் மிக்க நலம். நிர்வாகம் எங்களைத் தாய் தந்தைபோல் பார்த்துக்கொள்கிறது. சூப்பர்வைசர் அவர்கள் மிகவும் பொறுமைசாலி. கழிப்பறை வசதியில் எந்தக் குறையும் இல்லை. சிலர் பரப்பும் செய்திகளைத் தாங்கள் நம்ப வேண்டாம். இனிமேல் கடிதங்களை ஹாஸ்டல் விலாசத்துக்கே அனுப்பவும்.

தங்கள் அன்புத் தங்கை


மே 29

அம்மா,

நான் மெடிக்கல் ஷாப்காரி. நீ நன்றாக இருக்க வேண்டும். ஹாஸ்டல் கவரில் ஏதாவது வந்திருந்தால் அதைக் குப்பையில் போடு. வார்டன் சொல்லச் சொல்ல எழுதியதாம். வார்டன் தன்னைப் பொறுமைசாலி என்று எழுதவைத்திருந்தால்கூடப் பரவாயில்லை, அந்தக் கடிகாரத்தையா!

ஆறு வாரமாகப் பெண்களைக் கேட்டைத் தாண்டவிடவில்லை. நேற்றுத்தான் மருந்து வாங்க நாலு பேரை விட்டார்கள். உன் தங்கை வந்தாள், பாதியாக இளைத்திருக்கிறாள். உன் ஏப்ரல் மாதக் கடிதத்தைக் கவுண்டருக்குக் கீழே உட்கார்ந்து படித்துவிட்டு, பிரிஸ்கிரிப்ஷன் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். உள்ளே வைத்திருக்கிறேன். நான் படிக்கவில்லை. அழுததைப் பார்த்தேன்.

கடையில் கூட்டம். நிறுத்துகிறேன்.

*

அக்கா, வாலுதான்.

டோக்கன் யாரிடம் இருந்தது என்று கேட்டாய். என்னிடம்.

அன்றைக்கு நான்தான் போய்வந்தேன். திரும்பி வரும்போது என் மெஷினில் காலர் மலைபோல் குவிந்திருந்தது, கடிகாரம் லைன் கடைசியில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார், நான் வந்ததைப் பார்க்கவில்லை. ஆணிவரைக்கும் போகாமல் ஏப்ரன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தைக்க உட்கார்ந்தேன். அப்புறம் மாட்டலாம் என்று. மறந்தே போய்விட்டது. மெஷின் சத்தத்தில் அவள் கேட்டதும் காதில் விழவில்லை. நான் உனக்கு எழுதிய பேச்செல்லாம் பிறகு மற்றவர்கள் சொன்னது. அவள் விழுந்ததும் எல்லோரும் ஓடினோம். குனிந்து அவளைத் தூக்கும்போது தகரம் என் தொடையில் குத்தியது. அப்போதுதான் தெரிந்தது. யாரும் பார்க்காதபோது ஆணியில் மாட்டினேன்.

அவளிடம் சம்மதம் கேட்கப் போனால் இதையும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை. உனக்கு எழுதிக் கொடுத்தால் பாவம் கொஞ்சம் கரையும் என்று நினைத்தேன்.

இப்போது சொன்னால் மேனேஜர் தப்பித்துவிடுவார். சொல்லாவிட்டால் அவள் வேலை போய்விடும். இன்னும் அவள் கையெழுத்துப் போடவில்லை அக்கா. எப்படித்தான் தாங்குகிறாளோ.


ஜூன் 11

என் வாலுவுக்கு,

சாப்பிடுகிறாயா? முதலில் சாப்பிடு.

உன் காகிதத்தைப் படித்ததும் உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், பெரிய கோபம். பிறகு உன்னை நினைத்து அழுதேன். இரண்டும் இன்னும் போகவில்லை.

மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ என் தங்கை என்பது, கேட்காமல் ‘ஆம்’ போட்டது, பாக்கெட்டில் இருந்த டோக்கன், எல்லாம். படிவத்தைத் திருத்திவிட்டோம். என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது கோப்புகளை அடுக்குகிறேன். எடுத்தது நியாயம்தான். அந்தப் பக்கத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள், ஆனால் விசாரணையை நிறுத்தவில்லை. அடுத்த மாதம் இரண்டு பெண்கள் உங்கள் தொழிற்சாலைக்கு வருவார்கள். ரிப்பனைப் பார்க்காமல் போக மாட்டார்கள்.

அவர்களிடம் என்ன சொல்வது என்று நான் உனக்குச் சொல்லித்தர மாட்டேன். சொல்லித்தரும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் அவர்களுக்கு முன்னால் ரிப்பனிடம் சொல். அவள் அதை இன்னொரு தடவை மைக்கில் கேட்கக் கூடாது.

இதோடு அவளுக்கும் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டு, இனி அவளைப் பற்றி எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று கேட்டு. கொடுத்துவிடு.

அக்கா


ஜூலை 30

வாலுவின் அக்காவுக்கு,

நான் காலர் லைனில் வேலை செய்பவள். நீங்கள் பதினாலு என்று எண் போட்டவள். நீங்கள் நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். நான் நடமாடுகிறேன்.

உங்கள் ஆட்கள் வருவதற்கு முந்தின நாள், மருந்து வாங்க வெளியே விட்டபோது, மெடிக்கல் ஷாப்பில், உங்கள் தங்கை என்னிடம் சொன்னாள். அறைந்தேன். இரண்டு தடவை. கடைக்கார அம்மா தடுக்கவில்லை. கூட்டம் இல்லாத பக்கமாக எங்களை நகர்த்திவிட்டார், அவ்வளவுதான். அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் எனக்கு எதிரே, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் கேன்டீனில் உட்காரவைத்தார்கள். உங்கள் ஆட்கள் இரண்டு பேர், மொழிபெயர்க்க ஒருத்தி, மேனேஜர், கடிகாரம். மேனேஜர் எதிரில் பேசுகிறாயா, தனியாகப் பேசுகிறாயா என்று என்னைக் கேட்டார்கள். இவ்வளவு நாளில் என்னை ஒன்று கேட்டுச் செய்தது அதுதான் முதல் தடவை. எதிரிலேயே பேசுகிறேன் என்றேன். நான் ஆரம்பிப்பதற்குள் உங்கள் தங்கை தானாக எழுந்து, "டோக்கன் என் பாக்கெட்ல இருந்துச்சு. வெளிய சொன்னதும் நான்தான், இவங்க இல்ல" என்றாள். முழுசாகச் சொன்னாள். மேனேஜர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பாத்தீங்களா மேடம்? ஒளிச்சு வச்சது அவங்க ஆளு. கம்பெனி மேல என்ன தப்பு?" என்றார்.

எனக்குள் ஏதோ பிய்த்துக்கொண்டது. "சார், உங்க ரூமுக்குப் பக்கத்துல ஒரு பாத்ரூம் இருக்கே, அதோட டோக்கன் யார் பாக்கெட்ல இருக்கு?" என்று கேட்டேன். மொழிபெயர்ப்பவள் அதைச் சொன்னதும் வந்தவர்களில் மூத்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். பதிலுக்குக் காத்திருந்தார். அன்றைக்குக் கடிகாரம்கூடத் தன் மணிக்கட்டைப் பார்க்கவில்லை.

அந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. இனிமேல் போடச் சொல்ல மாட்டார்கள். எல்லா லைனிலும் ஆணியைப் பிடுங்கிவிட்டார்கள். எனக்கு வேலை இருக்கிறது. உங்கள் தங்கையை அனுப்பிவிட்டார்கள், விதியை மீறி டோக்கனை வைத்திருந்தாளாம். இனி இல்லாத ஒரு விதியை மீறியதற்காக. மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறாள், மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். நான் அந்தக் கடைக்குப் போகிறேன், அவளிடம் பேசுவதில்லை. எப்போது பேசுவேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் அவளுக்காகக் கேட்காதீர்கள்.

என் அம்மா மூன்று மாதத்துக்கு மேல் என் முகத்தைப் பார்க்கவில்லை. மகள் சொல்லாததை மைக் சொல்லிவிட்டதே என்று. போன வாரம்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவரும் அழுதோம். இது எந்த அறிக்கைக்கும் அல்ல, உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

எதை எழுதலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். யோசித்துத்தான் சொல்கிறேன். டோக்கனைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள், எத்தனை நாட்டுக்காரர்களுக்கு வேண்டுமானாலும் வாசியுங்கள். அது எங்கள் முப்பத்தெட்டுப் பேருடையது. குழந்தையைப் பற்றி எழுதியதை எடுத்துவிடுங்கள். அது என்னுடையது.

இப்படிக்கு,
காலர் லைன், இடப்பக்கம் ஆறாவது மெஷின்